பாப்பா மார்க் சீயக்காய்

பாப்பா மார்க் சீயக்காய்த் தூள் கவரில் இருக்கும் பாப்பா, சுசீலா பெற்ற பெண்தான் என்று அம்பத்தூர் கடைக்காரர்களில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. மேனாம்பேட்டில் அவள் குடியிருந்த தெருவுக்கு மட்டும் உண்மை தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் என்ன, தெருவா கடை வைத்திருக்கிறது?

எடுத்த எடுப்பில் அவள் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கடைக்காரர் “உம் பொண்ணாம்மா?” என்று கேட்டபோது சும்மா சிரித்தாள். அடுத்த கடையில் தலையை ஆட்டினாள். அதற்கடுத்த கடையில் வாயைத் திறந்து “ஆமா” என்றாள். பொய்யும் இட்லி மாவும் ஒன்றுதான். கரைத்து மூடி வைத்தால் போதும், பொங்குவதை அது பார்த்துக்கொள்ளும். போகப் போக அந்தப் பெண் எந்த வகுப்பில் படிக்கிறாள், எந்தப் பாடத்தில் மார்க் குறைச்சல் என்பது வரைக்கும் சுசீலா கூசாமல் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

நடந்தது இதுதான். பாப்பாவின் பேர் பொன்னி. சுசீலாவின் புருஷன் பால்ராஜுக்கு உத்தமன் என்று ஓர் அண்ணன். அந்த அண்ணனின் மனைவி கெங்கம்மாள் பெற்ற பெண் அவள். இரண்டு குடும்பமும் அப்போது மேனாம்பேட்டில் ஒரே வீட்டில் இருந்தன. பொன்னி தவழும் பருவத்தில் கெங்கம்மாள் விஷக்காய்ச்சல் வந்து, கால் விளங்காமல், படுத்த படுக்கையாகிவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது, ராத்திரி மாரில் போட்டுத் தட்டியது எல்லாம் சுசீலா. அவள் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று தெருவில் ஆறுதல் சொன்னார்கள். நன்றாகத்தான் சொன்னார்கள். இவளும் ஊட்டினாள், ஊட்டிக்கொண்டே இருந்தாள். தன் பிள்ளை வந்தால்தானே வளர?

பேச்சு வந்ததும் பொன்னி சுசீலாவைத்தான் ‘அம்மா’ என்றாள். பெற்றவள் கையை நீட்டினால் ஓடி வந்து சுசீலாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கெங்கம்மாளுக்குக் கால் ஊன்ற முடிந்ததும் அவள் செய்த முதல் காரியம், புருஷனைத் தனிக்குடித்தனத்துக்குக் கிளப்பியது. காட்டுப்பாக்கத்தில் வீடு பார்த்துப் போனார்கள். சண்டையில்லை, கூச்சலில்லை. அதற்கப்புறம் கல்யாணம் கருமாதியில் பார்த்துக்கொண்டால் ‘நல்லா கீறியா’ என்று கேட்பதோடு சரி.

பிள்ளை போன வீட்டில் பகல் போகமாட்டேன் என்றது. அதற்காகத்தான் சுசீலா சீயக்காய் அரைக்க ஆரம்பித்தாள். வெந்தயம், பச்சைப்பயறு, பூந்திக்கொட்டை, பூலாங்கிழங்கு எல்லாம் அவளுக்குப் பிடிபட்ட அளவில் சேர்த்துக் காயவைத்து, தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் இருந்த மாவு மிஷினில் கொடுத்து அரைத்து, சலித்துக் கட்டினாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததே தவிர, தூள் நன்றாக வந்தது. கவர் அடிக்கப் போன இடத்தில் “உங்க படமே போட்டுடலாமே” என்றார்கள். “வெள்ளிக்கிழமை எண்ணெ வெச்சிகினு நிக்கறவ காலங்காத்தால என் மூஞ்சியவா பாக்கணும்?” என்றாள் சுசீலா. என்ன சொல்கிறாள் என்று அவர்களுக்குப் புரிந்தது. பிள்ளை பெறாதவள் முகத்தை யார் கவரில் போடுவார்கள்? 

சுவரில் மாட்டியிருந்த பொன்னியின் படத்தைக் கழற்றிக்கொண்டு போனாள். மல்லி மலிந்த கோடையில் பெண் குழந்தை இருக்கிற எல்லா வீட்டிலும் எடுப்பதுதான். ஜடை முழுக்கப் பூத் தைத்து, ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு முன்னால் நிற்க வைத்து, முகம் நேராகவும் பூ ஜடை கண்ணாடியிலும் தெரிகிற மாதிரி ஒரு படம். நாலு வயதுக் குழந்தைக்கு இடுப்பு வரை முடி ஏது? எல்லாம் சவுரி. சீயக்காய் கவரில் சவுரி முடி! இத்தனை வருஷத்தில் ஒருவராவது அதைக் கேட்டிருக்க வேண்டுமே, இல்லை.

தொண்ணூறு பிறந்து நாலைந்து வருஷம் போனபோது கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கின. பாப்பா மார்க் கவர்கள் பின்னால் ஊறுகாய் பாட்டில்களுக்கு நடுவே போயின. பூந்தமல்லியில் அவளுடைய சரக்கை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த ஜம்புலிங்கம் ஒரு நாள் கவரை அவள் முன்னால் நீட்டினார்.

“தூளு சோக்காத்தான் கீதும்மா. கவரைப் பாரு. அச்சு தேஞ்சி தேஞ்சி பாப்பா மூஞ்சி பேய் மாரி ஆயிடுச்சி. இத்த எவன் முன்னாடி மாட்டுவான்? நல்ல ஆளா பாத்து மாத்திகினு வா. இல்லன்னா அடுத்த லோடு நான் எடுக்க மாட்டேன்.”

ஆளையும் அவரே சொன்னார். பரந்தாமன். மவுண்ட் ரோட்டில் விளம்பரக் கம்பெனியில் இருந்துவிட்டு, இப்போது அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் மாடியில் கம்ப்யூட்டர் வைத்துச் சொந்தமாக டிசைன் செய்பவர். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். உள்ளே ஏசி வேறு. சுசீலா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

படம் போடுகிறவர் பேனாவை எடுப்பார் என்று பார்த்தால், அவர் கேள்வி கேட்டார். யார் வாங்குகிறார்கள், எப்போது வாங்குகிறார்கள், கடையில் என்ன பேர் சொல்லிக் கேட்கிறார்கள்.

“வரையறது அப்புறம்மா. முதல்ல நீங்க தயாராகணும்” என்றார். “முதல் கவர்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எத்தனை மாதிரி அடிச்சீங்களோ அத்தனையும் கொண்டாங்க. வாங்கறவங்களைக் கேளுங்க, ஏன் வாங்கறீங்கன்னு. வாங்கி நிறுத்தினவங்களையும் கேளுங்க, அது அதைவிட முக்கியம்.” பிறகு கவரைத் தூக்கிப் பிடித்தார். “இந்தப் பாப்பா யாரு?”

“எம் பொண்ணு சார்.”

வந்துவிட்டது. பழக்கம்.

பரந்தாமனின் முகம் மலர்ந்துபோயிற்று. “இப்ப எவ்வளவு பெரிய பொண்ணு?”

“பதினெட்டு ஆவுது.”

“முடி நல்லா இருக்குமே, சீயக்காய் வீட்டுப் பொண்ணாச்சே?”

“இடுப்புக்குக் கீழ தொங்கும் சார்.” சுசீலா பொன்னியைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதே மாதிரி கண்ணாடி, அதே மாதிரி பூ ஜடை, அதே பெண், ஆனால் இன்றைக்கு. பக்கத்தில் சின்னதாகப் பழைய படம். “அம்மா தன் பொண்ணுக்காக அரைச்சது. பொண்ணு வளர்ந்து நிக்கறா, பாருங்க. இதை எந்த ஷாம்புக் கம்பெனியாலயும் சொல்ல முடியாதும்மா. பொண்ணை அழைச்சுட்டு வாங்க, போட்டோகிராபர்கிட்ட நான் சொல்லிவைக்கறேன்.”

கேட்கக் கேட்க சுசீலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் பெண் வளர்ந்து, பூ வைத்து, கண்ணாடி முன் நிற்பதை அவள் அப்படியே பார்த்துவிட்டாள். படி இறங்கிச் செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. வாயைக் கொடுத்து வேறெதையோ புண்ணாக்கிக்கொண்டவள் கதைதான் இது.

பால்ராஜ் எஸ்டேட்டில் ஸ்பிரிங் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்து, கதையைக் கேட்டுவிட்டு, தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

“அண்ணன் பொண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருக்கலாமில்ல?”

“கேட்ட ஒடனே வாயில வந்துடுச்சி.”

“அது எப்பவும் வருதே உனுக்கு.” ஒரு வாய் சாப்பிட்டான். “இன்னாத்துக்கு இம்மா யோசன? முடி நீட்டமா கீற பொண்ணு எவளையாச்சும் இட்டுகினு போய் நிக்க வெய்யி. யாருக்குத் தெரியப் போவுது?”

“பொன்னி நிக்க வேண்டிய எடத்துல எவளோ நிப்பாளா?” என்று சுசீலா போட்ட சத்தத்தில் அவன் ரசத்தைக் கூடக் கேட்கவில்லை, கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான். பாவம், அவன் நல்லதுக்குத்தான் சொன்னான்.

மற்ற வேலைகளை எல்லாம் அவள் ஒழுங்காகச் செய்தாள். பரணில் இருந்து பழைய கவர்களைத் தேடி எடுத்தாள். மஞ்சள் காகிதத்தில் அடித்த முதல் கவர், பிளாஸ்டிக்குக்கு மாறியது, பொங்கலுக்கு இலவசமாகச் சீப்பு வைத்துக் கொடுத்தபோது அடித்தது. வரிசையாகத் தரையில் பரப்பியபோது ஒன்று தெரிந்தது. முதல் கவரில் பொன்னியின் கன்னத்துப் பொட்டுகூடத் தெளிவாக இருந்தது. வர வரக் கண் போய், மூக்கு போய், கடைசியில் கறுப்பாக ஒரு தலை, அவ்வளவுதான். நாள்பூரா பாக்கெட் கட்டிய கையும் கண்ணும் இதைக் கவனிக்கவே இல்லை.

ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போய் வாங்குகிறவர்களையும் கேட்டாள். பாதி வீட்டில் ஷாம்புக்கு மாறியிருந்தார்கள். அவசரத்துக்கு அதுதான் சுலபம், பொம்பளைப் பிள்ளைகள் சீயக்காயைத் தொடுவதில்லை என்றார்கள். டாங்கி பாக்டரியில் புருஷன் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரி ஞானம்மாள் மட்டும் உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

“உங்க பொடிய போட்டா தும்மல்லா வருது. ஆனா விட மாட்டேன், எனக்கு வேற எதுவும் சேராது” என்றாள். “கவர எப்படி வேணும்னாலும் மாத்துங்க. அந்தப் பிள்ள படத்த மட்டும் எடுத்துராதிய. பிள்ள அச்சு அசலா உங்க சாடைல்லா.”

உங்கள் சாடை. இந்த ஒரு சொல் போதும் சுசீலாவுக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் பஸ் மாறிக் காட்டுப்பாக்கம் போய் இறங்கினாள். கையில் ஆப்பிளும், ஒரு முழப் பூவா வாங்குவார்கள், பந்து பந்தாக மல்லியும்.

உத்தமன் வீட்டில் இல்லை. கெங்கம்மாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையை உதறினாள். “வா. இன்னா விசயம், யாருக்கின்னா ஒடம்பு சரியில்லயா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. பாத்துட்டுப் போலான்னு வந்தேன்.”

“பாத்துட்டுப் போவவா இத்தினி பூவு?”

உள்ளே உட்கார்ந்தார்கள். குளியலறைக் கதவு ஆணியில் ஷாம்புச் சரம் ஒன்று தொங்கியது. சுசீலா அதைப் பார்த்ததைக் கெங்கம்மாளும் பார்த்தாள். சுசீலா விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தாள். கவர், பரந்தாமன், கண்ணாடி, பூ ஜடை. ‘எம் பொண்ணு’ என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

“அந்த டிசைன் சாராண்ட அவ யாரு பொண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கே?” என்று கெங்கம்மாள் கேட்டாள்.

சுசீலா மல்லிப் பந்தை எடுத்து நாரை நீவிவிட்டாள்.

“தெரியும்டி. ஆவடியில என் தங்கச்சியாண்டயே கடக்காரன் சொல்லிக்கீறான், சுசீலாம்மா பொண்ணு இப்ப பத்தாவது படிக்குதுன்னு. கேட்டுகினு வந்து சொன்னா. எங்க ஊட்டுக்காரு ஒரே ஆட்டமா ஆடினாரு, போயி அத்தினி கவரையும் கொளுத்திட்டு வரேன்னு. நாந்தான் வாணான்னேன். போவட்டும், ஒரு படந்தானே, அவளுக்கு இன்னா கீது வேறன்னேன்.”

கெங்கம்மாள் கோபமாகச் சொல்லியிருந்தால் சுசீலா பதிலுக்கு நாலு சொல்லியிருப்பாள். இது பரிதாபம்.  ஊரையே ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தாளே, ஏமாறவே ஏமாறாத ஒருத்தி இத்தனை நாளாக அவளுக்குப் பிச்சை போட்டிருக்கிறாள்.

“படம் எடுத்த அன்னிக்கு நான் எழுந்து உக்காந்துகினுதான் இருந்தேன்” என்று கெங்கம்மாள் தொடர்ந்தாள். “காலுதான் வரல, கை நல்லாத்தான் இருந்துச்சி. பூவ எங்கிட்டக் குடுத்திருந்தா நானும் தச்சிருப்பேன். நீ எதிர் ரூமுல கதவ சாத்திகினு தச்சே. பாப்பாவ தூக்கிகினு என்னத் தாண்டித்தான் போனே. போய்ட்டு வரேன்னு கூட சொல்லல.”

சுசீலாவுக்கு அந்தக் கதவு ஞாபகம் இல்லை. பூ ஞாபகம் இருந்தது, ஊசி ஞாபகம் இருந்தது, பொன்னி தூக்கத்தில் ஆடி ஆடி விழுந்தது ஞாபகம் இருந்தது. கதவைச் சாத்தினேனா என்று யோசித்தாள். சாத்தித்தான் இருப்பேன் என்று தோன்றியது.

“அவளையே கேளு” என்று சொல்லிவிட்டுக் கெங்கம்மாள் மீனிடம் போனாள்.

பொன்னி பக்கத்துத் தெருவில் தோழி வீட்டில் இருந்து வந்தாள். மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. முடி தோளுக்குக் கொஞ்சம் கீழே, ரப்பர் பேண்டில் அடங்கிக் கிடந்தது. “வாங்க சித்தி” என்று மரியாதையாகச் சொல்லி எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“நான் வரல சித்தி.”

“ஒரே ஒரு படம்டி கண்ணு. முடிக்கு சவுரி வெச்சிக்கலாம்.”

“அதுக்கில்ல. ஸ்கூல்ல எம்பேரே சீயக்காதான், தெரியுமா ஒங்களுக்கு? எங்கம்மாதான் பெருமையா பக்கத்து ஊட்ல காட்டுச்சி, எங்க பாப்பா படம் கவர்ல வருதுன்னு. அங்கேர்ந்து ஸ்கூலுக்குப் போச்சி. நாலாவதுலேர்ந்து பத்தாவது வரிக்கும் சீயக்கா. எதிர்ல யாரு வந்தாலும் தும்முவாங்க, வேணும்னே. கம்பெனில சேந்தப்புறந்தான் யாருக்கும் தெரியாம நிம்மதியா இருந்தேன். போன மாசம் ஒருத்தி கவரைக் கொண்டாந்து நீட்டுறா, இது நீயாமேன்னு.” பொன்னி தரையைப் பார்த்தாள். “புதுசா எடுக்க வாணாம் சித்தி. பழசையும் எடுத்துடுங்க.”

சுசீலாவுக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. “தூக்கி வளத்தேனேடி. ராவெல்லாம் கண்ணு முழிச்சி வளத்தேன். அதுக்கு ஒரு படம் வெச்சிக்கக் கூடாதா நானு?”

“வளத்தீங்க. அம்மாவே சொல்லும், இல்லன்னு சொல்லாது.” பொன்னி தயங்கினாள். “எனுக்குத்தான் சித்தி ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

இதில் வஞ்சம் ஒன்றும் இல்லை. இருந்தால் தாங்கியிருக்கலாம். நாலு வயதுக்கு முன்னால் நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? உங்களுக்கு இருக்கிறதா, எனக்கு இருக்கிறதா? சுசீலா அழுதாள். பொன்னி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பக்கத்தில் உட்காரவில்லை, போய்விடவும் இல்லை. கெங்கம்மாள் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். சாப்பாட்டில் யாரும் கவரைப் பற்றிப் பேசவில்லை. குழம்பு நன்றாக இருந்தது என்று சுசீலா சொன்னாள், இருக்கத்தான் இருந்தது.

பரந்தாமன் சொன்ன நாளில் அவள் தனியாக மாடி ஏறினாள். கையில் பழைய கவர்கள் மட்டும். உள்ளே எங்கிருந்தோ வாடகைக்குப் பிடித்த ஆளுயரக் கண்ணாடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. போட்டோகிராபர் விளக்குகளை நட்டுக்கொண்டிருந்தார். மேஜை மேல் வாழையிலையில் பூ. அவரே வாங்கி வைத்திருக்கிறார்.

“வாங்கம்மா. எங்க நம்ம கதாநாயகி?”

“வர்ல சார்.” சுசீலா கவர்களை மேஜையில் வைத்தாள். “கேட்டதெல்லாம் கேட்டுகினு வந்துட்டேன். பாதிப் பேரு ஷாம்புக்குப் போய்ட்டாங்க. கீறவங்க தூளுக்காகத்தான் கீறாங்க. பாப்பா படம் வாணாம் சார். பேரும் வாணாம். ரெண்டையும் எடுத்துடுங்க.”

பரந்தாமன் போட்டோகிராபரைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். “என்னம்மா இது? கவர்ல நம்மகிட்ட இருக்கறதே பாப்பா ஒண்ணுதான். அதை எடுத்துட்டா எதை வச்சு நான் வேலை செய்யறது? கடையில உங்க சரக்கை என்னன்னு கேப்பாங்க?”

“தெரியல சார்.”

“இதோ பாருங்க, வயசுப் பொண்ணு, கூச்சம் இருக்கும். எல்லா வீட்லயும் உள்ளதுதான். அவசரமில்லை, நான் வேணும்னா ஒரு நாள் உங்க வீட்டுக்கே வந்து அவகிட்டப் பேசிப் பார்க்கறேன். அம்மா சொன்னா கேக்காத பொண்ணு வெளியாள் சொன்னாக் கேக்கும்.”

நல்ல மனுஷன், அவரே வழி செய்து கொடுத்துவிட்டார். கூச்சப்படுகிறாள் என்று ஒரு தலையாட்டல் போதும். பொன்னி இன்னும் கொஞ்ச நாள் அவள் பெண்ணாகவே இருந்திருப்பாள். சுசீலா தலையை ஆட்டவில்லை.

“எங்க ஊட்ல இல்ல சார் அவ. காட்டுப்பாக்கத்துல கீறா, அவங்கம்மா ஊட்ல.”

“அவங்கம்மாவா?” பரந்தாமனுக்குப் பிடிபடவில்லை. “அப்ப நீங்க?”

“நான் அவளுக்கு சித்தி சார்” என்றாள் சுசீலா.